கையால் சுற்றும் வயர் உரிப்பான்: பழைய வயரில் செம்பு எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது தேவையா?

பழைய வயரை உரித்துச் செம்பு எடுப்பதற்கென்றே விற்கும் சின்ன எந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். மேசை விளிம்பில் இறுக்கி வைத்து, ஒரு பக்கம் வயரைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால், எந்திரம் வயரை உள்ளே இழுத்து, மேல்தோலை நீளவாக்கில் கீறி, மறுபக்கம் வெளியே தள்ளும். பிறகு தோலைக் கையால் பிளந்து செம்பைத் தனியாக எடுத்துவிடலாம். இதைப் பல பெயர்களில், பல நிறங்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: வட்டமான ஒரு கத்தி, வயரைக் கவ்வி இழுக்கப் பல் வைத்த ஓர் உருளை, இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. மோட்டார் கிடையாது, மின்சாரம் வேண்டாம். அதனால் எந்த நிறுவனத்துப் பொருள் என்று சொல்லாமல் இந்த வகையைப் பற்றியே சொல்கிறேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் முதல் இல்லாமல், அடுத்தவர் வேண்டாமென்று போட்டதை எடுத்துப் பிரித்து எடைக்குப் போட்டுக் குடும்பத்தை நடத்துகிறவர்களுக்கும், அதில் இறங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும்தான். நானும் வேறு வழி தெரியாத ஒரு நேரத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். இந்த எந்திரத்துக்கு இணையத்தில் இருக்கிற பாராட்டுகளில் பெரும்பாலானவை பொழுதுபோக்காக வாங்கியவர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் மூலையில் போட்டுவிடலாம். நமக்கு அது சில நாள் சாப்பாட்டுக் காசு, அந்தக் கணக்கில்தான் எதையும் எடைபோட வேண்டும்.

என் முடிவு இது: நல்ல கருவி, ஆனால் முதலில் வாங்க வேண்டிய கருவி அல்ல. தடித்த வயர் தொடர்ந்து கிடைக்க ஒரு வழி பிடித்த பிறகு வாங்கினால் போட்ட காசை எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் வாங்கினால் எந்திரம் இருக்கும், அதில் ஓட்ட வயர் இருக்காது.

ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் காசு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டையில் இரும்பும் பித்தளையும் அலுமினியமும் வயரும் கலந்து கிடந்தால், வாங்குகிறவர் அதில் மட்டமானது எதுவோ அதன் விலையைத்தான் மொத்தத்துக்கும் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, பிரிக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழும். அந்தச் சந்தேகத்தையும் அந்த வேலையையும் நாம் எடுத்துக்கொண்டால் அதற்கான காசும் நமக்கு வரும். பிரிக்கத் தெரிந்திருப்பதுதான் நம் முதலீடு. அதற்கு ஒரு காந்தம், ஓர் அரம், நல்ல கத்தி ஒன்று, தொங்கவிட்டு நிறுக்கிற சின்னத் தராசு, இந்த நான்கும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். இவை எல்லாம் சேர்ந்தாலும் எந்திரத்தைவிடக் குறைவான செலவில் முடியும், காந்தத்தைக் கெட்டுப்போன ஒலிபெருக்கியிலிருந்தே கழற்றிக்கொள்ளலாம்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மேலே மஞ்சளாகப் பூச்சுப் பூசிய இரும்புக் குழாயைப் பித்தளை என்று நினைத்து எடுத்து வைக்கிறவர்கள் உண்டு, காந்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒட்டாததெல்லாம் விலை கூடிய உலோகமும் அல்ல. துருப்பிடிக்காத எஃகில் 304 என்ற வகை, 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது, பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. அதை இரும்பு விலைக்கும் போடக் கூடாது, அலுமினியத்தோடும் கலக்கக் கூடாது. கையில் எடுத்தாலே தெரியும், எஃகு அலுமினியத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனக்கும்.

அரம் எதற்கு என்றால், மேல்பூச்சை ஒரு இழுப்பில் விலக்கி உள்நிறத்தைப் பார்க்க. வயருக்கு இது ரொம்ப முக்கியம். வெளியே செம்பு நிறமாக மின்னும், குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், அது செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. மலிவான நெட்வொர்க் கேபிளிலும் ஒலிபெருக்கி வயரிலும் இது நிறைய வருகிறது. நுனியை வெட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, மங்கிய வெட்டுக்கத்தி செம்பை இழுத்து வெள்ளையின் மேல் பூசிவிடும், அதனால் பக்கவாட்டில் அரத்தால் தேய்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, வெளியே வெள்ளியைப்போல் இருக்கும், தேய்த்தால் உள்ளே சிவப்பாக வரும், அது வெள்ளீயம் பூசிய செம்பு. அதற்கு நல்ல விலை உண்டு, ஆனால் சுத்தச் செம்போடு சேர்க்கக் கூடாது, தனியாக வைக்க வேண்டும்.

சரி, எந்திரத்துக்கு வருகிறேன்.

வேலை செய்வதை நெருக்கமாகச் சொன்னால் இப்படி. முதலில் வயரை நேராக்க வேண்டும், இதைச் செய்யாதவர்கள்தான் எந்திரத்தைத் திட்டுகிறார்கள். வளைந்த வயரைச் செருகினால் உருளையின் பள்ளத்திலிருந்து நழுவி, கீறல் நேராகப் போகாமல் வயரைச் சுற்றிக்கொண்டு போகும், அப்புறம் தோலைப் பிளக்க முடியாது. ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் கட்டி, மறுமுனையைத் துணியால் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். அடுத்தது கத்தியின் ஆழம். திருகை மெல்ல இறக்கி, ஒரு சாண் வயரை மட்டும் ஓட்டி வெளியே எடுத்துக் கீறலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீறலுக்குள் தோல் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும், செம்பின் மேல் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தால் ஆழம் அதிகம், கத்தி உலோகத்தில் உரசுகிறது, அப்படியே ஓட்டினால் கத்தி சீக்கிரம் மழுங்கும், செம்புத்தூளும் வீணாகும். தோலின் அடியை மட்டும் தொட்டுச் செம்பைத் தொடாத அந்த இடம் கிடைத்துவிட்டால், அதே அளவு வயர் எவ்வளவு இருந்தாலும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், பட்டாணித் தோல் பிளப்பதுபோல் மறுபக்கம் பிளந்துகொண்டு வரும். அதனால்தான் உட்காருவதற்கு முன்னால் வயரை அளவுவாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அளவு மாறும்போதெல்லாம் திருகைத் தொட வேண்டியிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

குளிரில் தோல் விறைத்துப்போய் உரிக்க அடம் பிடிக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் போட்டுவிட்டு எடுத்தால் இளகிக் கொடுக்கும்.

இரண்டு மூன்று வயர் ஒரே உறைக்குள் இருக்கிற கேபிளை அப்படியே விடக் கூடாது. வெளியுறையைக் கத்தியால் நீளக் கீறி உரித்து, உள்வயர்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டும். தட்டையான கேபிளும் அப்படித்தான். மேலே இரும்புக் கம்பி சுற்றிய நிலத்தடிக் கேபிளை இதில் வைக்கவே வேண்டாம், இரும்பை முழுக்கக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் ஓட்டலாம், அவ்வளவு தடிமனை எந்திரம் தாங்கினால்.

இப்போது கணக்கு. வாங்குவதா வேண்டாமா என்பதை இதுதான் முடிவு செய்யும், எந்த இடத்திலும் எந்த விலையிலும் இதே முறைதான். எடைக்கு எடுக்கிறவரிடம் இரண்டு விலை கேளுங்கள்: உரிக்காத வயர் கிலோ என்ன, சுத்தச் செம்பு கிலோ என்ன. பிறகு உங்களிடம் இருக்கிற வயரில் ஒரு மீட்டரை வெட்டி நிறுத்துப் பாருங்கள், உரித்துச் செம்பை மட்டும் மறுபடி நிறுங்கள். வீட்டுச் சுவருக்குள் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் (இது உள்ளே இருக்கிற செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, தோலோடு சேர்ந்த தடிமன் அல்ல) ஒரு மீட்டருக்குச் சுமார் 22 கிராம் செம்பு இருக்கும், மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. விளக்குக்கும் சின்னச் சாதனங்களுக்கும் வருகிற மெல்லிய வயரில் செம்பு மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, மீதி எல்லாம் பிளாஸ்டிக்தான்.

உரிக்காத வயருக்குச் செம்பு விலையில் பாதி தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தடித்த வயரில் ஒரு கிலோவுக்கு 700 கிராம் செம்பு வந்தால், செம்பு விலையில் ஐந்தில் ஒரு பங்கு நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும். மெல்லிய வயரை, 300 கிராம் செம்புதான் வரும் என்றால், உட்கார்ந்து உரித்தால் அதே ஐந்தில் ஒரு பங்கு நட்டம், உழைப்பும் போச்சு. பெரும்பாலான கடைகளில் மெல்லிய வயருக்கு விலையைத் தனியாகக் குறைத்துத்தான் சொல்வார்கள், அதனால் இவ்வளவு நட்டம் வராது, ஆனால் லாபமும் கைக்கு ஒட்டாது.

அதோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 16 சதுர மில்லிமீட்டர் வயரில் 7 மீட்டரை உரித்தால் ஒரு கிலோ செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே ஒரு கிலோவுக்குச் சுமார் 75 மீட்டர் உரிக்க வேண்டும். இரண்டுக்கும் கைப்பிடி சுற்றுகிற வேகம் ஒன்றுதான், திருகு ஒன்றுதான், தோள்வலியும் ஒன்றுதான். இல்லாதவனிடம் இருப்பது நேரம் மட்டும்தானே, அது சும்மாதானே போகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காலை நேரத்தில் நான்கு இடம் அலைந்தால் வேறு பொருள் கிடைக்கும், அந்த நேரத்தை மெல்லிய வயரில் போட்டால் அதுவும் இழப்புதான். நேரத்துக்கு விலை வைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் என் கையில் மாசக் கடைசியில் ஏதாவது மிஞ்சத் தொடங்கியது.

வயரின் அளவு பெரும்பாலும் உறை மேலேயே அச்சிட்டிருக்கும், அழுக்கைத் துடைத்துவிட்டுப் படித்தால் போதும்.

தர வித்தியாசமும் இதில் உண்டு. பழைய உலோக வணிகத்தில் பல நாடுகளில் பின்பற்றுகிற அமெரிக்கத் தர வரையறையில், முதல் தரத்துக்குப் போகிற செம்புக் கம்பி பூச்சில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும், தனிக்கம்பியின் குறுக்களவு சுமார் 1.3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி இதில் மயிரிழையில் தேறிவிடும், அதன் குறுக்களவு 1.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் தலைமுடிபோல் மெல்லிய இழைகள் சேர்ந்த வயரை எவ்வளவு அழகாக உரித்தாலும் அந்த வரையறைப்படி அடுத்த தரம்தான். மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சுற்றியிருக்கிற கம்பியும் அப்படியே, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கிறது. ஆகவே தடித்த பளபளக் கம்பி ஒரு பை, மெல்லிய இழை ஒரு பை, சுற்றுக்கம்பி ஒரு பை என்று தனித்தனியாகக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே நிறுத்துக் குறித்துக்கொண்டு போனால் கடையில் பேசும்போது குரலே வேறு மாதிரி வரும்.

இனி எரிப்பதைப் பற்றி. வயரைக் குவித்துத் தீ வைத்தால் தோல் போய்ச் செம்பு மிஞ்சிவிடுகிறது, எந்திரம் எதற்கு என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். வேண்டாம். உங்கள் கையைப் பிடித்துச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம். வயர்த்தோல் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக், அதன் மூலப்பொருளான பிசினின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் மூச்சுக்குழாயை அரிக்கிற அமில வாயு வரும், டயாக்சின் என்ற நஞ்சும் உருவாகும், பக்கத்தில் இருக்கிற செம்பே அந்த நஞ்சு உண்டாவதைத் தூண்டிவிடும். பழைய வயர்களின் தோலில் ஈயம் கலந்திருப்பதும் உண்டு, அது புகையிலும் சாம்பலிலும் போய் மண்ணில் உட்காரும், அதே மண்ணில் குழந்தைகள் விளையாடும். இவ்வளவும் போக, எரித்த செம்பு கறுத்து, நொறுங்குகிற மாதிரி ஆகிவிடும், முதல் தரத்தில் எடுக்க மாட்டார்கள். உடம்பையும் கெடுத்துக்கொண்டு குறைந்த விலைக்கும் விற்பதில் என்ன இருக்கிறது?

கானா நாட்டின் அக்ரா நகரில் அக்போக்புளோஷி என்ற இடம் இதற்குப் பெயர்போனது. இளைஞர்கள் நாள் முழுக்க வயரை எரித்துச் செம்பு எடுத்த இடம் அது. 2014இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் அங்கே வயர் உரிக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஆனாலும் எரிப்பது நின்றுவிடவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எந்திரம் தடித்த வயருக்குச் சரி, மெல்லிய வயர் மலைபோல் வந்து குவிகிற இடத்தில், அன்றன்றைக்குக் காசு பார்க்க வேண்டியவனுக்குத் தீ வேகமாக இருக்கிறது. அவனை ஒழுங்கு கெட்டவன் என்று சொல்வது சுலபம். மெல்லிய வயரை உரிக்காமலே நியாயமான விலைக்கு எடுத்து, நொறுக்கிப் பிரிக்கும் பெரிய எந்திரத்துக்கு அனுப்புகிறவர் பக்கத்திலேயே இருந்தால் அவன் ஏன் எரிக்கப் போகிறான்? அதனால் நான் மெல்லிய வயரை உரிப்பதே இல்லை. முனையில் இருக்கிற பிளக்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதில் உள்ள பித்தளை ஊசிகளைத் தனியாகச் சேர்த்துவிட்டு, வயரைக் கட்டாகக் கட்டி அப்படியே போட்டுவிடுகிறேன்.

எந்திரத்தின் குறைகளைச் சொல்கிறேன். நான் வாங்கியதன் பெட்டியில் 1.5 மில்லிமீட்டர் தடிமன் முதல் உரிக்கும் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். தோலோடு சேர்த்து 3 மில்லிமீட்டராவது இல்லாத வயர் அதில் ஒழுங்காக ஓடவே ஓடாது, உருளைக்கும் கத்திக்கும் நடுவில் நசுங்கித் தட்டையாகி நின்றுவிடும். எழுதிக் கேட்டதற்கு விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. இல்லாதவன் சேர்த்து வைத்த காசைக் கொடுத்து வாங்குகிற பொருளில் இப்படிப் பொய்யாக அச்சிடுவது எனக்கு இன்னும் கோபம் தருகிறது. மேசையில் பிடிக்கிற கவ்வி மெல்லியது, தடித்த வயர் போகும்போது மொத்த எந்திரமும் திரும்பும். ஒரு கனமான மரப்பலகையில் துளையிட்டு நட்டும் போல்ட்டும் போட்டு நிரந்தரமாக இறுக்கி, அந்தப் பலகையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு வேலை செய்தால் ஆடாது. உருளையை அச்சோடு பிடிக்கிற சின்னத் திருகு அடிக்கடி தளரும், கைப்பிடி சுற்றும், உருளை சுற்றாது, கொஞ்சம் கொஞ்சம் பார்த்து இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். கத்தி ஒன்றுதான் தருகிறார்கள். மாற்றுக் கத்தி கிடைக்கிறதா, அதன் குறுக்களவும் நடுத்துளை அளவும் என்ன என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், அது கிடைக்காத எந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

உடல் வார்ப்பு நன்றாகவே இருக்கிறது. உருளையின் பற்களும் தேயவில்லை. அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தால் பல காலம் உழைக்கும் என்றுதான் தோன்றுகிறது.

கைப்பிடிக்குப் பதில் துளையிடும் எந்திரத்தை மாட்டி ஓட்டலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். ஓட்டலாம், வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையால் சுற்றும்போது வயர் சிக்கினால் உடனே கைக்குத் தெரியும், நிறுத்திவிடலாம். மோட்டார் நிற்காது, விரலையும் சேர்த்து இழுக்கும். அப்படி ஓட்டுவதாக இருந்தால் துணிக் கையுறையைக் கழற்றிவிடுங்கள், சுற்றுகிற உருளையில் கையுறை மாட்டினால் கையும் கூடவே போய்விடும். தனியாக ஓட்டும்போது அந்த முறையே வேண்டாம் என்பேன்.

வேலை முடிந்ததும் சாப்பிடும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பழைய தோலின் தூளில் ஈயம் இருக்கலாம் என்பதால். சமைக்கிற தூங்குகிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது. சுவரில் இருக்கிற வயரை நாமாகப் பிடுங்கவே கூடாது, இணைப்பைத் துண்டித்தவர் யார் என்று தெரியாமல் எந்த வயரிலும் கத்தி வைக்கக் கூடாது. செம்புக்காகத் தூக்கிப்போட்ட மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கிற கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம், அதைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தெரியாதவர்கள் மூடியையே திறக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் குழாயையும் வெட்டாதீர்கள், உள்ளே இருக்கிற வாயு சில வகைகளில் தீப்பிடிக்கக்கூடியது.

உரித்த பிறகு மிஞ்சுகிற தோலை என்ன செய்வது? குப்பையில் போட்டால் யாரோ அதையும் எரிப்பார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூழ்கினால் பெரும்பாலும் பி.வி.சி., மிதந்தால் பாலிஎத்திலீன். இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தால் பிளாஸ்டிக் எடுக்கிறவர்களில் யாராவது வாங்குவார்கள், பெரிய காசு வராது என்றாலும் இடம் காலியாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, தடித்த வயர் எங்கிருந்து வரும் என்பது. அதற்கு எந்திரம் பதில் சொல்லாது. 2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்ததாகவும் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பொருளுக்குப் பஞ்சம் இல்லை, நம் கைக்கு வர வழிதான் வேண்டும். எனக்கு வழி கிடைத்தது வீடு புதுப்பிக்கிற இடங்களில். வயரிங் வேலை நடக்கிற கட்டடத்தில் நாள் முடிவில் வெட்டுத்துண்டுகள் தரை முழுக்கக் கிடக்கும், ஒரு சாண், ஒரு முழம் என்று, எல்லாமே புதுசு, ஒற்றைக் கம்பி, முதல் தரம். ஒரு எலக்ட்ரீஷியனிடம் போய்க் கேட்டேன். “எடுத்துக்கோ, ஆனா தரையை மொத்தமா கூட்டிட்டுப் போயிடணும்” என்றார். கூட்டினேன். செம்பு மட்டும் பொறுக்கிக்கொண்டு போகாமல் செங்கல் தூள், காகிதம், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக் கட்டி வெளியே வைத்தேன். அடுத்த கட்டடத்துக்கு அவரே கூப்பிட்டார், அப்புறம் அவருக்குத் தெரிந்தவர்களும் கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டியும் எனக்கே மிஞ்சியது. காசு இல்லாதபோது ஒரு மணி நேரச் சுத்தமான வேலையைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன். குட்டைத் துண்டுகளை உரிக்க எந்திரம் ஒத்துவராது, ஒரு முழத்துக்குக் குறைந்தால் உருளை சரியாகக் கவ்வாது, அவற்றுக்குக் கத்திதான். பழைய வயரிங்கைக் கழற்றுகிற கட்டடங்களில்தான் நீளமாகக் கிடைக்கும்.

கேட்காமல் எடுக்காதீர்கள், எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குகிறவரிடம் வயர் வாங்காதீர்கள். கேபிள் திருட்டு எல்லா ஊரிலும் இருக்கிறது, பல நாடுகளில் செம்பு விற்க வருகிறவரிடம் அடையாளச் சான்று கேட்பார்கள். எந்தக் கட்டடம், யார் கொடுத்தார், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குப்பை பொறுக்குகிறவன் என்றாலே திருடன் என்று பார்க்கிற கண்கள் நிறைய உண்டு, அந்தக் கண்களுக்கு முன்னால் அந்த நோட்டு நமக்கு நிற்கும்.

கத்தி வைக்கும் முன் பொருளைத் திருப்பிப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். நீளமான, வெடிப்பில்லாத, பிளக்கோடு கூடிய கேபிளை அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் செம்பு விலையைவிடக் கூடவே கிடைக்கும். மின்விசிறி சுற்றவில்லை என்று தூக்கிப்போட்டிருப்பார்கள், பல நேரம் உள்ளே ஒரு கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், அதை மாற்றினால் ஓடுகிற மின்விசிறி, உடைத்தால் கொஞ்சம் கம்பியும் கொஞ்சம் இரும்பும்தான். முழுசாக விற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உதிரிபாகமாக விற்கிறதா என்று பார்த்து, அதுவும் இல்லையென்றால்தான் உலோகமாக்குவேன். இந்த வரிசையில் பார்க்க ஒரு மலிவான மல்ட்டிமீட்டர் போதும், வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். எந்திரமா மல்ட்டிமீட்டரா, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மல்ட்டிமீட்டரை வாங்குங்கள்.

ஆக, 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மேல் தடித்த, நீளமான வயர் வாராவாரம் ஒரு மூட்டையாவது கிடைக்கிறவர்கள் இந்த எந்திரத்தை வாங்கலாம். கத்தியால் அதே வேலையைச் செய்வதைவிட வேகம் பல மடங்கு, விரலும் தப்பும். நாங்கள் இரண்டு வீட்டார் சேர்ந்து ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறோம், தினமும் யாருக்கும் தேவைப்படுவதில்லை, அதனால் தகராறும் வரவில்லை, மாற்றுக் கத்தி வாங்குகிற செலவை உரித்த எடையைப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம். கணக்கு இன்னும் இடிக்கிறவர்கள் அப்படி யாரோடாவது சேர்ந்து வாங்க முடியுமா என்று பாருங்கள்.